தேரோடும் வீதியும் பாஸ் ஒட்டிய காரும்

சித்ரா பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் காலை நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நாம் சுற்றுலா வந்தவர்கள் அல்ல, இங்கேயே வீடு வாங்கி வரி கட்டி வாழ்கிறவர்கள். எனவே நம் கார்களுக்கு மட்டும் நிரந்தர பாஸ் கேட்டுச் சங்கத்தின் பெயரில் மனு கொடுக்க வேண்டும் என்று பி பிளாக் நண்பர் எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல்கள் விழுந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு மூன்று பேர் லிஃப்டில் கேட்டார்கள். மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. ஒன்றுக்கென்று ஒதுக்கிய வழியில் மற்ற வண்டி எப்போது போகலாம் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இதழாசிரியர் இடம் தந்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள். ஒரு தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்தபிறகுதான் அடுத்த தேரின் வடத்தைப் பிடிப்பார்கள். அம்மன் தேரைப் பெண்கள் இழுக்கிறார்கள், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்கள். காலையில் தொடங்கினால் இரவுவரை போகும். அன்று அந்த வீதிகளில் ஆட்டோ கிடையாது, கார் கிடையாது. எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் இறங்கி நடக்க வேண்டியதுதான். காரணம் பக்தி மட்டுமல்ல. பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்கு அடியில் போடும் முட்டுக்கட்டைதான். குறுக்கே நிற்கும் ஸ்கூட்டருக்காக ஒதுங்கிப் போக அதனால் முடியாது. ஆகவே வீதி முழுவதும் தேருக்கு. தேர் நிலைக்கு வந்ததும் அதே வீதி எல்லோருக்கும்.

தேருக்காக வீதியை ஒதுக்கியது போல வண்டிகளையே ஊருக்குள் விடாமல் நிறுத்திய ஊரும் உண்டு. ரோமில் நடந்தது. தென் இத்தாலியில் கிடைத்த ஒரு வெண்கலப் பலகையில் அந்தச் சட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது, கி.மு. 45 வாக்கில், ஜூலியஸ் சீசர் காலத்தில் வந்தது என்று கருதுகிறார்கள். சூரியன் உதித்ததிலிருந்து பகலின் பத்தாம் மணிவரை, அதாவது பிற்பகல் வெகுநேரம்வரை, ரோம் நகரத் தெருக்களில் பாரவண்டி ஓடக் கூடாது. தெரு நடப்பவர்களுக்கு.

அதில் எனக்குச் சுவையாகத் தெரிவது விதியைவிட விதிவிலக்குகள்தான். கோயில் கட்டும் சாமான் ஏற்றிய வண்டி போகலாம். பொதுக் கட்டடங்களை இடித்த கல்லையும் மண்ணையும் வெளியே கொண்டுபோகும் வண்டி போகலாம். வெஸ்டா தேவதையின் கன்னிப் பூசாரிகள் சடங்கு நாளில் வண்டியில் வரலாம். இரவே ஊருக்குள் வந்துவிட்ட மாட்டுவண்டி, பகலில் காலியாகவோ சாணமும் குப்பையும் ஏற்றியோ வெளியேறலாம். மதியத்தில் வீட்டு வாசலில் வண்டி மாட்டிக்கொண்டவனின் கஷ்டத்தைக்கூட யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் விலக்கு எல்லாம் வேலையைப் பார்த்துத் தரப்பட்டது. ரோமிலேயே வீடு வைத்திருக்கிறேன் என்பது காரணமாக அந்தப் பட்டியலில் இல்லை.

இனி நம் நாட்டுச் சட்டம். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் நம்மில் பலர் இதைப் படித்ததில்லை; நானும் ஐம்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989-ல் சாலை விதிகள் வந்தன. நடைபாதையோ சைக்கிள் தடமோ தனியாக உள்ள சாலையில், சீருடையில் இருக்கும் காவலரின் அனுமதி இல்லாமல் அதன்மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. 'சீருடையில் இருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், போனில் பேசியவர் எல்லாம் கணக்கில் வர மாட்டார்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில், நேரே நின்று பார்க்கிற காவலர் கை காட்ட வேண்டும். முன்னே விபத்து நடந்திருந்தால், மரம் விழுந்திருந்தால், அவர் ஏறச் சொல்வார், ஏறலாம். நிலைமை சரியானதும் அனுமதியும் முடிந்தது. அந்த விதித்தொகுப்புக்குப் பதிலாக 2017-ல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன.

நம் கிரிவலப் பாதை ஓரத்தில் நடப்பவர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள். சாதாரண நாளில் அதன்மேல் டூவீலர் ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம். நானும் ஒருமுறை மழையில் ஏறியிருக்கிறேன். எதிரே வெறுங்காலுடன் நடந்து வந்த ஒரு பாட்டி ஒன்றும் சொல்லாமல் கீழே தார்ச்சாலையில் இறங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பௌர்ணமிக்கு வண்டிகளை நிறுத்துவது எந்தச் சட்டத்தில் என்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதே 1988 சட்டத்தின் 115-ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும் அது உரிமை தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. உள்ளூரில் அறிவித்தால் போதும். தேர்நாளுக்கும் பௌர்ணமிக்கும் அளவெடுத்துத் தைத்தது போன்ற பிரிவு.

மாதம் ஒருமுறை அல்லாமல் அன்றாடம் ஒரு தடத்தை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பேருந்துத் தடங்களின் கதையில் பார்க்கலாம். 1968-ல் லண்டனில் முதல் பேருந்துத் தடங்கள் வந்தன. வந்த நாளிலிருந்தே "எங்களையும் விடுங்கள்" என்ற வரிசையும் வந்தது. தெருவில் கைகாட்டினால் நிற்கும் கறுப்பு டாக்சிக்கு அனுமதி கிடைத்தது. முன்பதிவில் ஓடும் வாடகைக் கார்களுக்குக் கிடைக்கவில்லை. 2012-ல் ஒரு பெரிய வாடகைக் கார் நிறுவனம், தடத்தில் துணிந்து ஓட்டுங்கள், அபராதம் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தன் ஓட்டுநர்களிடமே சொல்லிவிட்டது. நீதிமன்றம் தடுத்தது. கறுப்பு டாக்சிக்கு மட்டும் சலுகை நியாயமா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2015 ஜனவரியில், அதைச் சட்டவிரோத அரசு உதவி என்று சொல்ல முடியாது என்று முடிந்தது. இதற்கிடையில் மோட்டார் சைக்கிள்களை 2009-ல் சோதனையாக விட்டார்கள். 2012-ல் அது நிரந்தரமாகிவிட்டது.

சிங்கப்பூரில் 1974-லேயே பேருந்துத் தடம் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்தவர்கள் சாலையோர மஞ்சள் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் கவனித்திருப்பீர்கள். மஞ்சள் என்றால் வேலைநாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் பேருந்துக்கு. சிவப்பு என்றால் காலையிலிருந்து இரவுவரை. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் எல்லோருக்கும் திறப்பு. இடப்பக்கம் திரும்ப வேண்டியவருக்காகவும் கட்டட வாசலுக்குள் நுழைய வேண்டியவருக்காகவும் கோடு விட்டு விட்டுப் போட்டிருக்கும். அந்த இடத்தில் குறுக்கே கடந்து போகலாம். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அவசரத்தில் போகலாம். கேள்வி இரண்டுதான்: இப்போது மணி என்ன? நீ தடத்தைக் கடக்கிறாயா, அதில் ஓட்டுகிறாயா? ஓட்டுநர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த எளிமைதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுப் படித்தது டெல்லி. 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு விரைவுப் பேருந்துத் தடம் திறந்தார்கள். சாலையின் நடுவில் பேருந்து, அதற்கு இடப்பக்கம் கார், ஓரத்தில் சைக்கிளும் நடப்பவர்களும். முதல் வாரத்திலேயே ரகளை. பேருந்துத் தடம் பாதி நேரம் காலியாகக் கிடக்கிறது, பக்கத்தில் நாங்கள் நெரிசலில் வேகிறோம் என்று கார்க்காரர்கள் கொதித்தார்கள். சைக்கிள் தடத்தில் பைக்குகள் புகுந்தன.

காலியாகத் தெரிகிற தடம்தான் எல்லா ஊரிலும் சண்டைக்கு வேர். ஒரு நிமிடத்துக்கு ஒரு பேருந்து போனாலும் நடுவில் ஐம்பது விநாடி தார் காலியாகத்தான் தெரியும். அந்த ஒரு பேருந்தில் அறுபது பேர் போனது காரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது.

வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2012 மே மாதம் சில நாட்கள் சோதனையாக எல்லா வண்டிகளையும் பேருந்துத் தடத்தில் விட்டுப் பார்த்தார்கள். கார்கள் வேகமாகப் போயின. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் தடத்தை எடுத்துவிடுவதற்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. இருந்தும் 2012 அக்டோபர் 18 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, பேருந்தில் போகிறவர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பு அப்படி, தெருவில் நிலவரம் வேறு. ஒருமுறை உள்ளே வந்து ருசி கண்ட கார்களைத் திரும்ப வெளியே அனுப்புவது சுலபமாக இல்லை. 2016 ஜனவரியில் தடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள்.

டெல்லித் திட்டத்தில் வேறு கோளாறுகளும் உண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும். நிறுத்தம் நடுச்சாலையில் இருந்ததால் பேருந்து ஏறப் போகிறவர் கார்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. 2009 அக்டோபரில் அகமதாபாத்தில் திறந்த தடம் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, வேலி போட்டுப் பிரித்ததால். ஆகவே கார்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டெல்லித் தடத்துக்குச் சாவுமணி அடித்தது அந்த 'சும்மா சில நாள்' சோதனைதான் என்பது என் எண்ணம்.

நல்ல நோக்கத்தோடு தந்த விலக்கும் இப்படி ஆவதுண்டு. நார்வே நாட்டில் 2005-லிருந்து மின்சாரக் கார்களைப் பேருந்துத் தடத்தில் விட்டார்கள். புகை விடாத வண்டியை மக்கள் வாங்கட்டும் என்ற ஆசை. அப்போது அத்தகைய கார்கள் மிகக் கொஞ்சம். பத்தே வருடத்தில் ஆஸ்லோ நகருக்குள் வரும் பேருந்துத் தடத்தில் பேருந்துக்கு முன்னாலும் பின்னாலும் மின்சாரக் கார்கள் வரிசை கட்டி நின்றன. பேருந்து தாமதமாயிற்று. பிறகு நெரிசல் நேரத்தில் காரில் கூட ஒருவராவது இருந்தால்தான் அனுமதி என்று சுருக்க வேண்டி வந்தது. சலுகையை நம்பிக் கார் வாங்கியவர்களுக்குக் கோபம்; அவர்களிடம் நியாயமும் இருந்தது.

மாறாக நடந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு வெளியே ஷர்லி நெடுஞ்சாலையில் 1969-ல் பேருந்துக்கு மட்டும் தடம் போட்டார்கள். எண்ணெய் நெருக்கடி வந்த 1973 டிசம்பரில், நான்கு பேர் இருக்கும் காரும் போகலாம் என்றார்கள். தடம் கெடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் சாலையோரம் வரிசையில் நின்று, ஆள் தேவைப்படும் கார்களில் ஏறிக்கொள்ளும் வழக்கமே அங்கே உருவானது. விலக்கு கிடைத்தது காருக்கு அல்ல, உள்ளே இருக்கும் தலைகளின் எண்ணிக்கைக்கு. (அதிலும் பொம்மையை உட்காரவைத்து ஏமாற்றியவர்கள் உண்டு. 2022-ல் டெக்சாஸில் ஒரு கர்ப்பிணிப் பெண், வயிற்றில் இருப்பதையும் சேர்த்து நாங்கள் இரண்டு பேர் என்று வாதாடினார்.)

ஆளைப் பார்த்துத் தரும் விலக்கின் கடைசி உருவம் சோவியத் காலத்து மாஸ்கோ. அங்கே பெரிய சாலைகளின் நடுத்தடம் கட்சித் தலைவர்களின் கறுப்புக் கார்களுக்கு. நம் ஊரில் அதற்குச் சிவப்பு விளக்கு என்று பெயர். யார் யாரோ சுழல்விளக்கு வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போவது வழக்கமாகிவிட்டதால் 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டுப்படுத்தியது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அமைச்சர்கள் உட்பட எல்லோர் காரிலிருந்தும் அதைக் கழற்றச் சொன்னது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டும் விளக்கு மிஞ்சியது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி 194-இ பிரிவைச் சேர்த்தார்கள்: ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

அந்தப் பிரிவின்படி பார்த்தால் சித்ரா பௌர்ணமி அன்று குற்றவாளி நான்.

அன்று என் மகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்த ஒருவர் மூலம் முன்கூட்டியே ஒரு பாஸ் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் காரை எடுத்தேன். பாதை முழுக்க ஜனம். தடுப்புக்கு அருகில் எனக்கு முன்னால் பாஸ் ஒட்டிய கார்கள் மூன்று நின்றன. நான் நான்காவது. முன்னால் போக முடியவில்லை, பின்னால் எடுக்கவும் முடியவில்லை. பத்து நிமிடத்தில் பின்னாலிருந்து சைரன் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். நடந்து வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர், கைத்தடி ஊன்றியவர், எல்லோரும் ஓரத்துக்குப் போனார்கள்; "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவே ஆம்புலன்ஸ் நிற்காமல் வந்தது. வந்து என் காருக்குப் பின்னால் நின்றது. ஜனம் ஒதுங்கி நின்ற ஓரத்தில் என் காருக்கு இடமில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து, முன்னால் இருந்த மூன்று கார்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, என்னை ஒரு கடையின் படிக்கட்டுமேல் ஏற்றச் சொல்லி, ஆம்புலன்ஸ் வெளியேற இருபது நிமிடம் ஆயிற்று.

உள்ளே இருந்தது யார் என்று எனக்கு அப்போது தெரியாது. கட்டைவிரல் போட்ட அன்று மாலைதான் தெரிந்தது. நம் ஏ பிளாக் அம்மா, மூச்சுத்திணறல். நான் கிளம்பிய பின் அவர் மகன் 108-ஐ அழைத்திருக்கிறார். அம்மா இப்போது நலம்; காலையில் கீழே நடக்கிறார். நான் போய்ச் சொன்னபோது, "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, மாட்டிக்கிட்டீங்க" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றார்.

நம் குடியிருப்பில் 64 கார்கள் இருக்கின்றன. பாதையில் நம்மைப் போல் எத்தனை குடியிருப்புகள், எத்தனை விடுதிகள், எத்தனை தனி வீடுகள்! நமக்குத் தந்தால் அவர்களுக்கும் தர வேண்டும்; தராவிட்டால் அவர்கள் கேட்பதில் தப்பில்லை. அன்று நின்றது நான்கு கார்.

எதிர்க்கட்சி நியாயமும் எனக்குப் புரிகிறது. சி பிளாக்கில் இரவுப் பணிக்குப் போகும் நர்ஸ் இருக்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர் இருக்கிறார். பௌர்ணமி என்று சொல்லி அவர்களை வீட்டில் அடைக்க முடியாது. ரோமாபுரிப் பலகை போல வேலையைச் சொல்லி, அந்த ஒரு நாளுக்கு, அந்த ஒரு பயணத்துக்கு அனுமதி கேட்கலாம். அப்படிக் கேட்கும் பொறுப்பைச் சங்கமே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இரண்டு நாள் முன்பு, யாருக்கு என்ன தேவை என்று செயலாளர் கேட்டு, பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுக்கட்டும். மற்றவர்கள் ஊருக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே காரைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரலாம். செக்யூரிட்டி அறையில் ஒரு சக்கர நாற்காலியும் மடக்கு ஸ்ட்ரெச்சரும் வாங்கி வைக்கலாம். கூட்டம் அதிகமாக இருக்கும்போது காரைவிட வேகமாகப் போவது அதுதான்.

நிரந்தர பாஸ் தீர்மானத்துக்குத் திருத்தமாக இதை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிந்த பி பிளாக் நண்பரிடமும் ஒரு நகல் இருக்கிறது. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் ஸ்ட்ரெச்சருக்கு முதல் 1,000 ரூபாய் அவர்தான் தந்தார். பொதுக்குழு வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, தரைத்தளக் கூடத்தில். வாக்கெடுப்பு இருப்பதால் வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும்.